தராசிலிருந்து இறக்கிய ட்ரங்குப் பெட்டி

ஏப்ரல் 6, 2014, ஞாயிறு

எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. தனகோட்டி, எழுதுகிறவனும் நீதான், பிறகு எடுத்துப் படிக்கப் போகிறவனும் நீதான், அப்போது திட்டாதே. கோடு போட்ட நோட்டுதான். இருந்தும் என் எழுத்து கோட்டின் மேல் உட்கார மாட்டேன் என்கிறது. 'ழ' போட்டு முடிப்பதற்குள் பேனா வழுக்கி அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் காண்டிராக்டில் கரி வாரிய கை. மண்வெட்டியைப் பிடித்த மாதிரியே பேனாவையும் பிடிக்கிறது. இதுவரை எழுதியதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

ஆனால் மேலே இருக்கிற தேதியை நானே எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. அறுபத்து நாலு வயதில்!

இன்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னிடம், "பெரியவரே, இது நெல்லிக்குப்பம் போவுமா?" என்றார். போர்டைப் படித்துச் சொன்னேன். நாற்பது வருஷமாக நான் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ஆதிலட்சுமி டீச்சரிடம் நாளைக்குச் சாயங்கால வகுப்பில் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும், கை வலித்தாலும் சரி.

சுரங்கக் குவார்ட்டர்ஸ் பதினெட்டாவது பிளாக்கில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு "பழைய பேப்பரே" என்று போனேன். மாடசாமி சார் வீட்டம்மா கூப்பிட்டார். சார் ரிட்டையர் ஆன பிறகும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யாமல் இருந்தார்கள். தைப் பொங்கலுக்கு அடுத்த வாரம் சார் தவறிவிட்டார். மே மாதம் 31-க்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அந்த அம்மாவுக்குக் காகிதம் வந்திருக்கிறது.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டார். "எடைக்கு எடுத்துக்கிடுங்க. அவுக சேத்து வச்ச குப்பை. கோவில்பட்டி ஸ்டேசன் கடையில அரை டவுசர் போட்ட காலத்துல வாங்கினதாம்."

எல்லாம் படக்கதைப் புத்தகம். ஒன்றின் விலை அறுபது பைசா. நூல் கட்டித் தராசில் தொங்கவிட்டேன். முள் நிற்பதற்குள் மேலே இருந்த அட்டையைப் படித்துவிட்டேன். இப்போதெல்லாம் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவிடுகிறேன். 'ஊமைக்கழுகு.' முகத்தை மூடிக்கொண்டு கூரை மேல் நிற்கிறான். இந்தப் பெயரை நேற்றுதான் பேப்பரில் பார்த்தேன். அதைச் சினிமாவாக எடுக்கிறார்களாம், பழைய புத்தகத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தேடுகிறார்களாம்.

தராசிலிருந்து இறக்கிவிட்டேன். "அம்மா, இத நான் எடைக்கு எடுக்கமாட்டேன். இது பொக்கிஷம்."

அவர் சிரித்தார். நம்பவில்லை. எண்ணினோம். எழுபத்து நாலு புத்தகம்.

எழுத்துத் தெரியாத பழைய தனகோட்டியாக இருந்தால் இந்நேரம் அது பொட்டலக் கடைக்குப் போயிருக்கும்.

ஏப்ரல் 10, வியாழன்

சந்தோஷம் தாங்கவில்லை. தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

மெயின் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் சசிகுமாரை அழைத்துப் போனேன். கடை பாதி, இந்தப் பழைய புத்தக வியாபாரம் பாதி என்று இருக்கிற ஆள். சென்னைக்காரர்களுக்குப் போன் வழியாகவே விற்கிறான். ஒவ்வொரு புத்தகத்தையும் நெய்த்தோசையைத் திருப்புகிற மாதிரி ஓரத்தைத் தொட்டுத் திருப்பினான்.

"இருபத்தஞ்சு தர்றேன்."

இருபத்தைந்து ரூபாய் என்றுதான் அந்த அம்மா நினைத்தார். இருபத்தைந்தாயிரம் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகுதான் தன் கஷ்டத்தைச் சொன்னார். குள்ளஞ்சாவடி ஜங்ஷனில் குழந்தைவேல் என்பவரின் ஓட்டு வீடு போகியத்துக்கு இருக்கிறது. ஒரு லட்சம் கேட்கிறார். அங்கே போனால் சந்தைக்கு வருகிறவர்களுக்கு ஜாக்கெட் தைத்தே பிழைத்துக்கொள்ளலாம். கையில் அறுபதுதான் இருக்கிறது. சாருக்கு வந்த பணமெல்லாம் மகள் ஹரிணி கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. வீடு அமையாவிட்டால் தென்காசிப் பக்கம் தம்பி வீடுதான்.

"அங்க போனா நான் அக்கா இல்ல அண்ணாச்சி. சமையக்காரி."

முதல்முறையாக என்னை அண்ணாச்சி என்றார். அறுபதும் இருபத்தைந்தும் எண்பத்தைந்து. போதாது. பார்க்கலாம் என்று சசிகுமாரை அனுப்பிவிட்டோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

டீக்கடைப் பேப்பரில் முழுப் பக்கம் வந்திருக்கிறது! கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். கொட்டை எழுத்தில்: 'பழைய ஊமைக்கழுகு ஒரு புத்தகம் ஐயாயிரம்! படம் வந்த பின் பத்தாயிரம்! கையில் வைத்திருப்போர் கோடீஸ்வரர்!' பெட்டி பெட்டியாக எழுதியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் புத்தகம் விற்றே கார் வாங்கினாராம், படமும் இருக்கிறது.

குவார்ட்டர்ஸுக்குப் போய் அந்த அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் "நீங்களே வாசிங்க" என்றார். நான் படிப்பது அவருக்குப் பிடிக்கிறது என்று நினைக்கிறேன். தடுக்காமல் படித்தேன், இரண்டு இடத்தில்தான் நின்றேன்.

"அப்ப காத்திருக்கலாமா அண்ணாச்சி?"

"அச்சுல போட்டிருக்கான்மா. பொய்ய அச்சடிப்பானா?"

வீட்டில் என் பெண்சாதி செங்கமலம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு எழுத்து படிச்சதும் ஊருக்கு வக்கீலு ஆயிட்டியா? பொம்பளை ஒத்தையில நிக்கிது. கையில வர்றத வாங்கிக்கினு போவ சொல்லுவியா, பேப்பரப் படிச்சிக்கினு ஒக்காந்துகினு கீற."

அவள் இன்னும் கைநாட்டு. அவளுக்கு என்ன தெரியும்.

ஏப்ரல் 24, வியாழன்

ஓட்டுப் போட்டேன். பூத்தில் வழக்கம்போல மை டப்பாவை நீட்டினார்கள். "பேனா குடுங்க" என்றேன். வரிசையே நின்று பார்த்தது. த ன கோ ட் டி. ஐந்து எழுத்து. பின்னால் ஒருத்தன், "தாத்தா, ஓட்டுப் பெட்டி மூடிடுவாங்க, சீக்கிரம்" என்றான். சிரிக்கட்டும்.

மே 2, வெள்ளி

சசிகுமார் அந்த அம்மா வீட்டுக்கு வந்தான், நானும் இருந்தேன். முப்பத்திரண்டு தருகிறேன், இதற்கு மேல் முடியாது, இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றான். பணத்தை எடுத்துத் தையல் மெஷின் மேலேயே வைத்தான்.

அவர் பணத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

நான், "படம் வர்ற வரைக்கும் பொறுப்போம்" என்றேன்.

"பெரியவரே, ரிலீஸுக்கு மொத நாள் வரைக்கும்தான் இந்த வெலை. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது." பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். வியாபாரி அப்படித்தான் மிரட்டுவான். நானும் வியாபாரிதானே.

மே 23, வெள்ளி

படம் வந்துவிட்டது. தியேட்டர் வாசலில் மேளம். இரண்டு ஆள் உயரத்துக்கு ஊமைக்கழுகு கட்டவுட், அதன் மேல் பால் ஊற்றினார்கள். அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நெற்றியில் விபூதி வைத்திருந்தார்.

மே 25, ஞாயிறு

தியேட்டர் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே முப்பது பேர் கூட இல்லையாம். "பேச மாட்டேங்கிறான்யா ஹீரோ, மூணு மணி நேரமா. எவன் பாப்பான்?"

சசிகுமாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலு முறை.

மே 27, செவ்வாய்

கடைக்கே போய்விட்டேன். சசிகுமார் என்னை உட்காரச் சொன்னான். அதுவே பயமாக இருந்தது.

"படம் படுத்துடுச்சு. இன்னொண்ணும் சொல்றேன். படம் வருதுன்னு அத்தனை பேரும் பரண்ல கெடந்தத எறக்கிட்டான். விக்கிறவன் நூறு பேரு, வாங்குறவன் எவனுமில்ல. அதே கதையெல்லாம் புதுசா அச்சடிச்சு நூறு ரூபாய்க்கு வேற வருது. எங்கிட்டயே இருநூறு புக்கு மாட்டிக்கிச்சு, பாருங்க." பெஞ்சுக்கு அடியில் காட்டினான். உண்மைதான், அடுக்கடுக்காக இருந்தது.

"எவ்ளோ தருவ?"

"உங்களுக்காக மூவாயிரம்."

சைக்கிளில் ஏறாமலேயே வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

மே 28, புதன்

அந்தப் பேப்பரை மடித்து வைத்திருந்தேன். வகுப்புக்கு எடுத்துப் போய் ஆதிலட்சுமி டீச்சரிடம் காட்டினேன். "டீச்சர், இத எழுதினவன் மேல கேஸ் போட முடியுமா?"

டீச்சர் படித்தார். பிறகு பக்கத்தின் வலது மூலையில் விரலை வைத்தார். "இதப் படிங்க அய்யா."

எறும்பு மாதிரி எழுத்து. வி-ள-ம்-ப-ர-ம்.

"இது செய்தி இல்லீங்க அய்யா. சினிமாக்காரங்க காசு குடுத்துப் போட்ட பக்கம்."

அன்றைக்கும் அந்த எழுத்து அங்கேதானே இருந்திருக்கும்? நான் பார்த்தேனா? பார்த்தேன். ஏதோ சின்னதாக இருந்தது. கஷ்டப்பட்டுப் படிப்பானேன் என்று விட்டுவிட்டேன். பெரிய எழுத்து இவ்வளவு இருக்கும்போது அது எதற்கு என்று—

மே 29, வியாழன்

குள்ளஞ்சாவடிக்குப் போனேன். குழந்தைவேல் காலில் விழுந்தாவது வாடகைக்குக் கேட்கலாம் என்று. வீட்டு வாசலில் உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"போன வாரம்தான் உரக் கடைக்காரருக்கு வுட்டேன் பெரியவரே, தொண்ணூறுக்கு."

"ஒரு லட்சம்னு சொன்னீங்களே."

"சொல்றதுதான். அந்த அம்மா மே மாசம் மொத வாரம் தொண்ணூறோட வந்திருந்தா சாவியக் கையில குடுத்திருப்பேன். தையக்காரம்மா, ஒத்தை ஆளு, வூடு சுத்தமா இருக்கும்னு நெனச்சேன். வரவே இல்லியே."

அறுபதும் முப்பத்திரண்டும் தொண்ணூற்றிரண்டு.

பஸ்ஸில் வரும்போது ஒரு போர்டையும் படிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

செங்கமலத்திடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்துக்கினு இருந்தேன். சோறு போட்டுட்டு அந்தாண்ட போய்ட்டா. திட்டியிருந்தா தேவலாம்.

மே 30, வெள்ளி

சொல்லிவிட்டேன். மறைத்திருக்கலாம், அந்த அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. சொன்னேன்.

"அம்மா, அது விளம்பரம். மூலையில போட்டிருந்தான். நான் பெரிய எழுத்த மட்டும் படிச்சேன். குழந்தைவேலு தொண்ணூறுக்கே குடுத்திருப்பாராம். நான்தான்மா உன் வூட்ட—"

அவர் தையல் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்தார். பெல்ட்டைக் கழற்றினார். நான் இருப்பதையே மறந்துவிட்டாரோ என்று தோன்றியது.

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அந்தப் பெட்டிக்காக முப்பது வருசமா அவுகளை ஏசியிருக்கேன் அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில கெடக்கும்போது கூட. குப்பை, குப்பைன்னு. நீங்க வந்து பொக்கிசம்னீங்க. அத இன்னும் கொஞ்ச நாள் கேட்டுக்கிட்டு இருக்கணும்னு இருந்துச்சு. பேப்பர்ல போடாட்டாலும் நான் நம்பித்தான் இருப்பேன்."

எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா? தெரியவில்லை. எதுவானாலும் அவருக்கு வீடு இல்லை.

மே 31, சனி

சசிகுமார் மூவாயிரம் கொடுத்துப் பெட்டியை எடுத்துப் போனான். அந்த மூவாயிரம் அப்படியே வடலூர் வரை டெம்போவுக்கும் அங்கிருந்து தென்காசிப் பக்கம் போகிற பஸ்ஸுக்கும் போயிற்று, பாதி சாமான் என் வீட்டில்தான் இருக்கிறது. கட்டிலை என் வீட்டில் இறக்கினேன். மெஷினை அவரே தூக்கினார், என்னைத் தொட விடவில்லை. கோபத்தில் அல்ல, அவர் எப்போதும் அப்படித்தான் என்று செங்கமலம் சொல்கிறாள்.

செங்கமலம் ஒரு பொட்டலம் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். "போய் கடுதாசி போடும்மா. இந்தாளுக்குத்தான் இப்ப படிக்கத் தெரியுமே."

எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

பதினைந்து நாளைக்கு நோட்டைத் தொடப்போவதில்லை என்று இப்போதே தோன்றுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவிடமிருந்து இன்லேண்ட் கடிதம் வந்தது. அவர் கையெழுத்து மணி மணியாக இருக்கிறது. ஒரு எழுத்து விடாமல் படித்தேன், தபால் முத்திரை உட்பட. இரண்டு நாள் ஆயிற்று.

சௌக்கியம் என்று எழுதியிருக்கிறார். மெஷினை மாடியில் ஏற்றி வைத்திருக்கிறார்களாம். தைக்க நேரமில்லை, வீட்டில் எட்டுப் பேருக்குச் சமையல். போன் செய்ய வேண்டாம், தம்பி பொஞ்சாதிதான் எடுப்பாள் என்கிறார். கடைசியில்: 'இந்த வீட்டுக்கு வாற தபால் எல்லாம் தம்பி பேருக்குத்தான். என் பேரைப் போட்டு ஒண்ணு வந்தா நல்லா இருக்கும். நாலு வரி போதும் அண்ணாச்சி.'

நேற்றே தபாலாபீஸ் போய்ப் பத்து இன்லேண்ட் வாங்கினேன். "ஒண்ணு போதாதா, பத்து இன்னாத்துக்கு?" என்றாள் செங்கமலம். முதலில் விலாசத்தை எழுதினேன். 'திருமதி பொன்னம்மாள்' என்று தனி வரியில், தம்பி பெயருக்கு மேலே. உள்ளே நாலு வரி: மழை இல்லை, உன் கட்டில் துரு ஏறாமல் துணி போட்டு மூடியிருக்கிறோம், பதினெட்டாவது பிளாக்கில் இரண்டு பேர் தையக்காரம்மா எங்கே என்று கேட்டார்கள், செங்கமலம் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். காலையில் உட்கார்ந்தது, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. நாளைக்குப் பெட்டியில் போட வேண்டும்.

வருகிற ஞாயிறு இந்த நோட்டை எடுக்க மாட்டேன். அன்றைக்கு அவருக்குத்தான் எழுத வேண்டும், எட்டு வரியாவது.