பட்டுவின் பிறந்த தேதி

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் நம் பட்டுவும் சுகமா? உன் இடுப்பு வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே.

இங்கே ஒரு கூத்து. திங்கள்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வரில் வேலை செய்யும்போது, அது கேட்பதற்கு முன்பே அவசரத்தில் பாஸ்வேர்டை அடித்துவிட்டேன். கேட்ட பிறகு அடித்தால் யார் கண்ணிலும் படாது; அதற்கு முன்னால், கட்டளை கொடுக்கும் கமாண்ட் லைனில் அடிப்பதெல்லாம் பதிவாகிவிடும். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். பட்டுவின் பெயரும் பிறந்த தேதியும்தான் என் பாஸ்வேர்டு.

"யாருய்யா இந்தப் பட்டு?"

"என் பொண்ணு சார். இன்னும் நேர்ல பாக்கல."

அவர் விரல் விட்டு எண்ணினார். "நீ ஊர்லேருந்து கிளம்பி ஒன்பதரை மாசம் கழிச்சுப் பொறந்திருக்கு. கணக்கு இடிக்குதேப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு என்னையே ஒரு கமாண்ட் அடிக்க வைத்தார். ஒரே வரிதான், கண் மூடித் திறப்பதற்குள் இருபது எழுத்தைக் கலைத்துப் போட்டுப் புது பாஸ்வேர்டு தந்துவிட்டது. "இதுல யார் பேரும் இல்ல, தேதியும் இல்ல. இனிமே நிம்மதியா இரு" என்றார். நல்ல மனுஷன்.

டாக்டர் குறித்த நாளைத் தாண்டித்தான் பிரசவம் ஆனது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. சந்தேகமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த நாள் எழுதியிருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. பட்டுவையும் பக்கவாட்டில் ஒன்று எடு. என் காதுதான் அவளுக்கு என்று சொல்லிக்கொண்டே இருப்பாயே.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. எடுக்கும்போது முடியை நன்றாக ஒதுக்கிவிடு.

பட்டு அப்பா