ஏழு நாள் சாப்பாடு

அன்புள்ள முதலாம் ஆண்டு மாணவிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் மகளும் இங்கே நலம். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை. தபாலை நம்பினால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும் என்பதால் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ மேசையில் விட்டுப்போன ஹாஸ்டல் மெஸ் விவரக் காகிதத்தை நானும் மகளும் விரித்துவைத்துப் படித்தோம். எத்தனையோ லிஃப்ட்களின் ஒயரிங் படத்தைப் பார்த்தவன் நான். எதுவும் இப்படித் தலையைச் சுற்றவைத்ததில்லை. கடைசியில் எனக்குப் புரிந்தது இதுதான். முதலாம் ஆண்டுக்காரர்கள் ஏதாவது ஒரு திட்டத்தில் கட்டாயம் சேர வேண்டும். ஐந்து நாள் திட்டம் என்றால் திங்கள் காலையில் ஆரம்பித்து வெள்ளி மதியத்தோடு சரி. ஏழு நாள் திட்டத்தில் எல்லா நாளும் மூன்று வேளை உண்டு. சாப்பிடாமல் விட்ட வேளை விட்டதுதான், அடுத்த வாரத்துக்குச் சேர்த்துவைக்க முடியாது. திட்டத்தை மாற்றிக்கொள்ள இந்த வெள்ளிக்கிழமை மாலைதான் கடைசி. இந்தக் கடைசி வரியை நான் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தேன். மகள்தான் விரல் வைத்துக் காட்டினாள்.

நீ சேர்ந்திருப்பது ஐந்து நாள் திட்டம். ஏன் என்று எனக்குத் தெரியாதா? வெள்ளி மாலை பஸ் பிடித்து வருகிறாய். சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்று ஒரு வாரத்துக்குச் சமைத்து டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில் அடுக்குகிறாய். ஞாயிற்றுக்கிழமை துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு மறுபடியும் பஸ். திங்கட்கிழமை வகுப்பில் தூங்கி வழிகிறாயாம். உடற்கூறியல் தேர்வில் தவறியதையும், பருவத் தேர்விலும் தவறினால் சீட்டே போய்விடும் என்பதையும் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு ஓட்டை வாய் என்று தெரிந்துதான் அவளிடம் சொன்னாயோ என்னவோ.

இன்னொன்றும் சொன்னாள். முதல் வாரம் உன் அறைப் பெண்களுக்குப் பரிமாறி, அவர்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு எழுந்த பிறகு நீ தட்டை எடுத்துக்கொண்டு போனாயாம். அதற்குள் மெஸ் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டார்களாம். ஒரு நாள் இல்லை, நாலு நாள். சமையல்காரர் உன்னைப் பார்த்து, "அம்மா, நீங்க இங்க வேலைக்கு வந்தவங்களா, படிக்க வந்தவங்களா?" என்று கேட்டாராம். கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் கோபம்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதாகிறது, தானே எடுத்துப்போட்டுச் சாப்பிடத் தெரியும். ஆஸ்பத்திரி வார்டில் இத்தனை வருஷம் படுக்கை விரித்ததும் தட்டு கழுவியதும் போதாதா? உங்கள் தலைமை நர்ஸ் அம்மா உன்னை இந்த நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போடவைக்க எவ்வளவு பாடுபட்டார்கள். மெஸ் வாசலில் பட்டினி நிற்கவா?

வீட்டுக் கவலையை விடு. திங்கட்கிழமையிலிருந்து நாங்களே சமைக்கிறோம். உன் டப்பாக்களை என்னோடு வேலை பார்க்கிறவர்கள் காலி செய்துவிட்டார்கள். வாயாரப் புகழ்ந்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எங்கள் சமையலை யாரும் புகழவில்லை. முதல் நாள் சோறு அடிப்பிடித்துவிட்டது. பாத்திரம் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. எந்தப் பாத்திரம் என்று மட்டும் கேட்காதே. நேற்று மகள் செய்த உருளைக்கிழங்கு நன்றாகவே இருந்தது. உப்பு போட மறந்துவிட்டாள், தூவிக்கொண்டோம். அவளுக்குப் பள்ளிக்கூட ஷூ கிழிந்துபோய்ப் புதுசு வாங்கியாயிற்று. எனக்கு வேலை எப்போதும்போலத்தான். துணிக்கடை லிஃப்ட் மறுபடி மூன்றாவது மாடியில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டது கடை முதலாளி என்பதால் இந்தத் தடவை உடனே புது மோட்டாருக்குச் சம்மதித்துவிட்டார்.

ஏழு நாளுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டுமே என்பாய். பஸ் செலவு மிச்சமாகிறதே, அதற்கும் இதற்கும் சரியாகப் போச்சு. அந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் புத்தகத்தை மடியில் திறந்து வைத்தபடியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். கையெலும்புகளின் படம். இத்தனை எலும்பா நம் கையில் இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடுக்கென்று விழித்து, "பேசாம விட்டுடட்டுமாங்க?" என்று கேட்டாய். விட்டுவிடு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் யாரையாவது திட்டிக்கொண்டு ஒரு குரல் கேட்குமே, அது இல்லாமல் என்னவோபோல் இருக்கிறது. நல்லவேளை, அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மூன்று நாளாக யோசித்துவிட்டுச் சொல்கிறேன். விடாதே. படிப்பையும் விடாதே, ஒரு வேளை சாப்பாட்டையும் விடாதே. மணி அடித்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார். சனிக்கிழமை உன் இஷ்டத்துக்குத் தூங்கு, எழுந்த பிறகு எலும்புகளைப் பார்க்கலாம். மாதம் ஒரு முறை நாங்கள் இருவரும் அங்கே வந்து உன்னைப் பார்க்கிறோம். ஏழு நாள் கார்டு வைத்திருப்பவர்கள் விருந்தாளிகளை அழைத்துப்போகலாம் என்று காகிதத்தின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறது. மெஸ் சாப்பாடு எப்படி இருக்கிறதென்று நானும் பார்க்கிறேன். நம்முடையதைவிட மோசமாக இருக்க வாய்ப்பில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் ஏழு நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு. போட்டுவிட்டேன் என்று போன் செய்து சொன்னால் மட்டும் நான் நம்ப மாட்டேன், உன்னை எனக்குத் தெரியும். அன்று மாலை வழக்கம்போல பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பேன். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனசு உன்னைத்தான் தேடும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த பஸ்ஸில் வந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வரவை எதிர்பார்க்காத,
வீட்டுக்காரன்