பெருமாள் பாதத்தில் ஒரு தப்பு நோட்டீஸ்

பீர்க்கன்கரணை,
ஞாயிறு.

அன்பு மகள் தர்ஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், ஏரி நிரம்பியும் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை, அங்கே டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்தே என் மானத்தை வாங்குவாய், அதனால்தான் கடிதம்.

மழைக்குப் பிறகு தெருவெல்லாம் வாந்தி பேதி. குடியிருப்போர் சங்கத்தின் பேரில் ஒரு நோட்டீஸ் போடலாம் என்று நீ என் போனில் போட்டுக் கொடுத்த ஏஐயிடம் கேட்டேன். உப்பு சர்க்கரைக் கரைசலைச் சரியாகத்தான் சொன்னது, ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று. நான் சும்மா இருந்தேனா? நம் வீடுகளில் யார் லிட்டரில் அளக்கிறார்கள், டம்ளர் என்று மாற்று என்றேன். அதுவும் சமர்த்தாக லிட்டரை டம்ளராக்கிவிட்டு, உப்பையும் சர்க்கரையையும் அப்படியே விட்டுவிட்டது. நானும் படித்துவிட்டு, ஆகா என்ன தமிழ் என்று மெச்சிக்கொண்டேன். ஐந்நூறு பிரதி அடித்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி முதல் பிரதிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, திருநீர்மலையில் பெருமாள் பாதத்தில் வைத்துவிட்டும் வந்தேன். அதற்குமேல் யார் சரிபார்ப்பது? சாமி காலாண்ட வெச்சதுல தப்பு இருக்குமா சார்? என்று அச்சகத்துப் பாலுவே சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் நம் தெரு விக்கி வீட்டுக்குத்தான் கிளம்பினேன், அவனுடைய எட்டு மாதக் குழந்தைக்கு அன்றுதான் பேதி ஆரம்பித்திருந்தது. டூட்டிக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு நர்ஸ் ஜெரூஷா வாசல் கேட்டில் ஒன்றை வாங்கிப் படித்தாள். அப்படியே செருப்பைக் கழற்றிவிட்டு நம் அடுப்படிக்குள் போய், அதில் இருந்தபடியே ஒரு டம்ளர் கலக்கி என் கையில் கொடுத்தாள். ஒரே கரிப்பு, பாகு மாதிரித் தித்திப்பு வேறு. அங்கிள், இதைப் பச்சக் குழந்தைக்குக் குடுத்தா ஃபிட்ஸ் வரும், உயிரே போயிடலாம் என்றாள். நான் கட்டோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளே ஆஸ்பத்திரியில் தரும் உப்பு சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு விக்கி வீட்டுக்கு ஓடினாள். குழந்தை தேறிவிட்டது, நேற்று என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது தர்ஷினி.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் கிழித்தாயிற்று. புது நோட்டீஸில் லிட்டர் லிட்டராகவே இருக்கிறது, அடியில் ஏஐ உதவியோடு எழுதியது, நர்ஸ் ஜெரூஷா கலக்கிப் பார்த்துச் சரிபார்த்தது என்றும் போட்டிருக்கிறோம். மீதி ஒன்று பெருமாளிடம் இருந்ததே, அதற்காக இன்று மறுபடி மலையேறினேன். இத்தனை பத்திரிகையில எங்க தேடறது, பெருமாள் அதைப் பார்த்தா கலக்கப்போறார்? என்று பட்டர் சிரித்தார். உட்கார்ந்து தேடி எடுத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். பள்ளிக்கூடங்களுக்குப் பாடக் குறிப்பு எழுத நீயும் அந்த ஏஐயைத்தானே வைத்துக்கொண்டிருக்கிறாய், வெளியே விடும் முன் நீயே ஒரு வாய் குடித்துப் பார் அம்மா.

என்றும் உன் நினைவாக,
அப்பா சம்பத்