இரண்டாம் டிவிஷனுக்கு மாத்திரை இல்லை

1951 டிசம்பர் 3, திங்கள்

மழை. மகள் மைமூன் மௌத்தாகிவிட்டாள். சனி இரவு குளிர்காய்ச்சல், பிறகு வலிப்பு. காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து எங்கும் இரவில் ஊரடங்கு. எஸ்டேட் கம்பிவேலிக் கதவை விடியும்வரை திறக்க மாட்டேன் என்று காவல்காரன் சொன்னானாம். மருமகன் ஜமால் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறான். விடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். ஏழு மாதம். பிள்ளையும் வயிற்றோடு.

நேற்று அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். கபுருக்குள் தண்ணீர் ஊறி ஊறி வந்தது. இறைத்து இறைத்து வைத்தோம்.

வரும் வெள்ளி அவளைப் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தது. அவள் உம்மா ஆமினா புதுப் பாய் வாங்கி வைத்திருக்கிறாள். சுருட்டியபடியே நிற்கிறது.

கடை திறக்கவில்லை. கடைக்குச் சீனி எடுக்கும் பெர்மிட் புதனோடு முடிகிறது. ஆள் அனுப்ப வேண்டும்.

டிச. 4, செவ்வாய்

மூன்றாம் நாள் பாத்திஹா. தஞ்சோங் காராங்கிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். டாக்டரும் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அரசாங்கப் பணத்தில் மலேரியாவுக்குப் புது மாத்திரை கொடுத்து ஆராய்ச்சி செய்கிறார். மாத்திரைப் பெட்டிகள் என் கிடங்கில். வெள்ளிதோறும் என் லோரிதான் அவரையும் பெட்டியையும் எஸ்டேட்டின் முதல் டிவிஷனுக்கு ஏற்றிப் போகிறது. மைமூன் இருந்தது இரண்டாம் டிவிஷன். அங்கே நம் கிளைக்கடையை ஜமால் பார்க்கிறான்.

டாக்டர் தேநீரைத் தொடவில்லை. தலை குனிந்தபடி இருந்துவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு ஆமினா கிடங்கு வாசலில் நின்றாள். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிகள். மூன்று நாளில் அவள் பேசியது இதுதான்:

“சாவி உங்க இடுப்புலதானே இருந்துச்சு?”



நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது மைமூன் கேட்டாள்தான். “வாப்பா, எனக்கும் ரெண்டு எடுத்துக் கொடுங்களேன்.” அது அமானிதம், பிறர் சரக்கு, முத்திரை உடைக்கக் கூடாது என்றேன். உங்கள் டிவிஷனுக்கு அடுத்த தவணை வரும், முதல் ஆளாக உனக்கு என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அந்த மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது. பழைய கொய்னா மருந்தைக் கொடுக்கலாம் என்றால் பிள்ளை கலைந்துவிடும் என்று மருத்துவச்சி பயமுறுத்தி வைத்திருந்தாள்.

பினாங்கு மொத்தக் கடை எனக்குப் பாதிச் சரக்கு முன்னால் அனுப்பும், பாதி பின்னால். அரசாங்கமும் அப்படித்தான், இந்த வருடப் பணம் முதல் டிவிஷனுக்கு, அடுத்த வருடப் பணம் இரண்டாவதற்கு என்று நானே நினைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை.

டிச. 5, புதன்

வெயில். சீனி வந்துவிட்டது, ஈரம். கடையைப் பாதி திறந்தேன்.

டாக்டர் பெட்டி பார்க்க வந்தார். இரண்டாம் டிவிஷன் சரக்கு எப்போது என்று கேட்டேன். பெட்டிகளை எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்:

“வராது, முதலாளி. ஒரு பக்கம் குடுத்து ஒரு பக்கம் குடுக்காமல் வச்சால்தான் மருந்து வேலை செய்யுதோ எண்டு தெரியும். அப்பிடி எழுதிக் குடுத்தபடியாத்தான் கமிட்டி காசு தந்தது.”

“அப்போ என் மவ?”

“அவவும் அந்தப் பக்கம்தான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காய்ச்சல் வந்த பிறகு மருந்து கொடுக்க ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நினைத்தாராம். வேலிக்கதவை நினைக்கவில்லை.

அவர் மேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை. என்னிடம் அவர் பொய் சொன்னதில்லை. நான் கேட்டதெல்லாம் லோரி வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்கு வரும்.

சாப்பாடு இறங்கவில்லை. ஆமினாவுக்கும்.

டிச. 7, வெள்ளி

ஜும்மா தொழுதேன். லோரி அனுப்பவில்லை. டிரைவர் முனியன் இரண்டு தடவை வந்து கேட்டான். கழுவி நிறுத்து என்றேன்.

ஜமால் வந்தான். சவரம் செய்யவில்லை. எஸ்டேட் லயத்து வீடுகளில் இன்னும் இரண்டு பேர் முழுகாமல் இருக்கிறார்களாம். ஒருத்தி, கூலியாட்களை மேய்க்கும் மண்டோரின் மருமகள். நேற்று இரவு அவளுக்கு உடம்பு சுட்டதும் மண்டோர் இவனிடம் ஓடி வந்து, “தம்பி, கதவைத் திறக்கச் சொல்லு லா” என்றானாம். இவன் சொல்லி யார் திறப்பது. விடிந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டாள்.

ஜமால் அதைச் சொல்லிவிட்டு அழுதான். நான் அரிசி அளந்துகொண்டிருந்தேன். அளந்துகொண்டே இருந்தேன்.

டிச. 8, சனி

காலை மழை, பிறகு புழுக்கம். லோரி போகாததைக் கேட்க டாக்டரும் கோலாலம்பூர் கணக்கு அதிகாரியும் வந்தார்கள். வெள்ளைக்காரன், சின்ன வயசு, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நிலவரம் இது: இந்த வருடப் பணம் வருடம் முடிவதற்குள் செலவாக வேண்டும், மிச்சம் திரும்பிவிடும். ஜனவரியில் கமிட்டி கூடி, அறிக்கை பார்த்துத்தான் மேற்கொண்டு பணம். வெள்ளிக்கிழமைகள் தவறினால் அறிக்கை கெட்டது.

வேறு லோரி கிடையாது. ரப்பர்க் காட்டு வளைவில் கம்யூனிஸ்டுகள் ஒரு லோரியை எரித்த பிறகு அந்தப் பாதைக்கு எவனும் வருவதில்லை. தஞ்சோங் காராங் லோரி வைத்திருக்கும் சீன முதலாளி, அந்தத் தவுக்கே, இரட்டை வாடகைக்கும் மாட்டேன் என்றுவிட்டான். தெரிந்துதான் பேசினேன்.

என் விலை என்ன என்று கேட்டார்கள். இரண்டாம் டிவிஷனுக்கும் மாத்திரை என்றேன்.

அதிகாரி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். ஒப்பிட ஒரு பக்கம் இல்லாவிட்டால் கமிட்டி பணத்தை வெட்டிவிடும் என்றானாம். டாக்டர் அவனோடு இங்கிலீஷில் வெகுநேரம் வாதாடினார், குரல் உயர்ந்தது. இரண்டாம் டிவிஷனின் போன வருடக் காய்ச்சல் கணக்கு எஸ்டேட்டில் மருந்து கட்டும் டிரஸரிடம் இருக்கிறது, வரும் மாதங்களை அதோடு ஒப்பிடலாம், கமிட்டி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம் என்பது அவர் வாதம். என் பக்கம் திரும்பினார்.

“காசு நிண்டாலும் நிண்டிடும், முதலாளி. என்ர வேலையும் அதோட சரி.”

“நிக்கட்டும், டாக்டர்.”

டாக்டர் தன் பேனாவை எடுத்து நீட்டினார். பிறகு எழுதுங்கள் என்று அதிகாரியிடம் சொன்னார். வருட முடிவு நெருங்குகிறதே, அதிகாரியும் ஒத்துக்கொண்டு எழுதினான்; மூவரும் கையெழுத்து. நான் தமிழில்.

திங்கள் முதல் இரண்டு டிவிஷனுக்கும் மாத்திரை, முழுகாமல் இருப்பவர்களுக்கு முதலில். லோரி வாடகை பழையதில் பாதி. கிடங்குக்கு வாடகை இல்லை. ஜனவரியில் கமிட்டி பணத்தை நிறுத்தினால், மிச்சப் பெட்டிகள் தீரும்வரை இரண்டாம் டிவிஷனுக்கு லோரி இலவசம்.