முன் சீட்டு கால்மிதிக்கு அடியில் தண்ணீர்

அக். 14, செவ்வாய்

காலையிலேயே மழை. எனக்கு கம்பெனியில் முதல் ஷிப்ட். அப்பா கார் ஓட்ட, சாமந்தி மூட்டை பின் சீட்டில், நான் முன் சீட்டில். பேரிகையில் கிளம்பி ஓசூர் பூ மார்க்கெட் வருவதற்குள் என் சாக்ஸ் ஈரம். கால்மிதியைத் தூக்கினால் அடியில் தண்ணீர். கார்பெட்டில் பூஞ்சை வாடை.

அம்மா இந்த வண்டியில் ஏறி ரொம்ப நாள். ஏறினால் தும்மல், பிறகு இழுப்பு.

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே: "மாலூர்ல இருந்து ஒருத்தரு ஞாயித்துக்கெழமை வண்டி பாக்க வர்றாரு பாப்பா. குடுத்துரலாம். உங்கம்மா ஏறாத வண்டி நமக்கெதுக்கு?"

நான் கியர் போடக் கற்ற வண்டி! விட மாட்டேன். ஞாயிறுக்குள் ஒழுகலை நிறுத்தியாக வேண்டும்.

அக். 15, புதன்

வெயில். ஒழுகல் வீடியோ பதினொன்று பார்த்தாச்சு.

கறுப்பு சிலிகான் ட்யூப் 1. அழுத்தும் கன் (ஹார்டுவேர் கடையில் ஓசி). டேப். டூத் பிரஷ் (அப்பாவுடையது, கேட்கவில்லை).

முன் கண்ணாடி ஓரம் முழுக்கப் பூசினேன். கதவின் அடி விளிம்பில் மூன்று சின்ன ஓட்டை. திருடன் அகப்பட்டான்! மூன்றையும் அடைத்தேன். என்ன ஒரு ஃபினிஷிங். போட்டோவை கார் குரூப்பில் போட்டேன். நாற்பத்தொரு பேர் ஃபயர் எமோஜி விட்டார்கள்.

அக். 16, வியாழன்

விடியற்காலை நல்ல மழை. கால்மிதிக்கு அடியில் மறுபடி தண்ணீர். கூடவே புது சத்தம். கதவைத் திறந்தால் உள்ளே களக் களக்.

அப்பா கதவை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "இதுல மீன் வளக்கலாம் போல."

குரூப்பில் கேட்டேன். திருப்பூர்க்காரன் ஒருத்தன் இருக்கிறான், ஐடி 'ஸ்பேனர் சித்தப்பு'. "டேய் ப்ரோ, கதவு ஓட்டையவா அடைச்ச? கதவுக் கண்ணாடி வழியா எறங்குற தண்ணி வெளிய போகத்தான்டா அது! மொதல்ல பிச்சு எடு. எங்க வருதுன்னு தெரியாம அடைக்காத. கீழ ஆரம்பிச்சு ஒவ்வொரு எடமா மேல ஊத்திக்கிட்டே போ."

நான் ப்ரோ இல்லை என்று சொல்லவில்லை. இந்த நிலையில் எப்படிச் சொல்வது.

ஹேர்பின்னால் மூன்றையும் குத்தினேன். செருப்பெல்லாம் தண்ணீர். போட்டோ டெலிட்.

அக். 17, வெள்ளி

ஷிப்ட் முடிந்து நேராக வண்டி. கார்பெட் மொட்டை மாடிக்குப் போனது. நான் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்க, கையில் போன் டார்ச். அப்பா வெளியே பூவாளியுடன்.

"கதவுல ஊத்தறன்."

"இல்லப்பா. இன்னும் மேல."

"முன் கண்ணாடிக்குக் கீழ, சல்லடை மேல..."

மூக்கில் ஒரு சொட்டு. "வருதுப்பா! வருது!"

"ஒழுகறதுக்கு இப்பிடியா சிரிப்பாங்க?"

பானட்டைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் சல்லடையைக் கழற்றினோம். உள்ளே சாமந்தி! காய்ந்தது, அழுகியது, இன்னும் மஞ்சளாகவே இருப்பது. நடுவில் பொரி, குங்குமக் கட்டி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்மா உதிரிப்பூவை இரண்டு கையாலும் அள்ளி அங்கேதான் போடுவாள். மழைத் தண்ணீர் வெளியேறும் வாய் அடைத்து, தேங்கி, காற்று வரும் வழியாகக் காருக்குள் இறங்கியிருக்கிறது.

அரை பக்கெட் பூ.

அப்பா குரலைத் தாழ்த்தி, "உங்கம்மாகிட்ட சொல்லாத."

"என்னத்த சொல்லக்கூடாது?" அம்மா, பின்னால்.

பக்கெட்டைப் பார்த்தாள். "வண்டி நல்லாருக்கணும்னுதான போட்டேன்."

"நல்லாத்தான் இருக்குது. சாமி உள்ளயே கொளம் வெட்டிக்கிச்சு" என்றார் அப்பா.

அம்மாவுக்கு சிரிப்பு அடங்கவே இல்லை.

அக். 18, சனி

கார்பெட்டுக்கு சோடா உப்பு, பிரஷ், வெயில். சல்லடையைத் திருப்பி மாட்டும்போது ஒரு கிளிப் உடைந்த ஓட்டை மட்டும் இருந்தது. அதில் சிலிகான் ஒரு பொட்டு. மொத்தத்தில் தேவைப்பட்டது அவ்வளவுதான்!

கார்பெட் மேல் பேப்பர் விரித்தேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் மழை. ராசிபலன் கூட நனையவில்லை!!!

அம்மாவை ஏறச் சொன்னேன். "நாளைக்கு விக்கிற வண்டி. ஆசைய வளத்துக்கவா?"

அப்பாவைக் கேட்டால், மாலூர்க்காரருக்கு வாக்கு கொடுத்தாச்சாம்.

அக். 19, ஞாயிறு

மழையோடு வந்தார் மாலூர்க்காரர். கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினார். "சென்னாகிதே, நல்லாருக்கே! நீர் வருதுன்னு போன்ல சொன்னீங்களேண்ணா? எனக்கு இப்பவே வேணும்."

நானே சரி பண்ணி நானே அனுப்புகிறேன். அப்பா பிடரியைத் தடவிக்கொண்டே நின்றார்.

வீட்டுக்குள்ளிருந்து அம்மா. கையில் குடை, பை. யாரையும் பார்க்காமல் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். நானும் அப்பாவும் மூச்சு விடவில்லை. தும்மல் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. கண்ணாடி இறங்கியது.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டி குடுக்கறதில்ல." அப்பாவைப் பார்த்து, "ஏங்க, தீவாளிக்குத் துணி எடுக்கப் போவ வேணாமா?"

மாலூர்க்காரர் அப்பாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "செரி அக்கா. அப்ப என்னை ஓசூர் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்ருங்க." பின் சீட்டில் ஏறிவிட்டார். அப்பாவும் அவர் பக்கத்தில்.

அப்போ ஓட்டுவது நான்! சாவி எடுக்க உள்ளே வந்தேன், எழுதாமல் போக முடியவில்லை. ஹாரன் சத்தம். அம்மாதான் எட்டி அடிக்கிறாள்.