மினாஸை ஊருக்குக் கொண்டுவந்தேன்

கிமோலோஸ்,
நவம்பர் 27.

என் அன்பு மகன் ஆர்கிரிஸுக்கு அம்மா எழுதுவது.

நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். ஹாம்பர்கில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். லிஃப்ட் பழுதுபார்க்க இறங்கும்போது உள்ளே போடுகிற கம்பளி பனியனை மறக்காதே. எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, மற்றபடி குறையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போல வீட்டுக்குப் போன் செய்திருப்பாய். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். பயந்துவிட்டாயோ என்னவோ. நான் நிக்கேயா வீட்டைப் பூட்டிவிட்டுத் தீவுக்கு வந்திருக்கிறேன். உன் அப்பா வீட்டில் இருக்கிறேன். ஆமாம், சரியாகத்தான் படித்தாய். இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். போனில் நீயும் நானும் மழையையும் சமையலையும் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். இதை அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம்.

அக்டோபரில் கல்லறை அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. உன் தம்பி மினாஸைப் புதைத்து மூன்று வருடம் முடிகிறது, அந்த இடம் வேறொருவருக்கு வேண்டும், எலும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. உன்னிடம் சொல்லவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசினேன், ஐந்து முறையும் வாய்வரை வந்தது. சொன்னால் நீ வருவாய், அல்லது வரமாட்டாய். இரண்டில் எதை என்னால் தாங்க முடியும் என்று எனக்கே தெரியவில்லை. கோபப்படாதே.

உன் அப்பாவுக்குச் சொன்னேன். தீவுக்குப் போனதிலிருந்து அவர் வீட்டில் போன் வைத்துக்கொள்வதில்லை. துறையிலுள்ள காப்பிக்கடைக்குப் பேசி, ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். வந்தார், கேட்டார், பார்க்கலாம் என்றார். கடைசியில் காப்பிக்கடைக்காரர்தான் பேசினார். காற்று பலமாக இருக்கிறதாம், கப்பல் விடவில்லையாம், உன் அப்பா லூக்காஸால் வர முடியாதாம். துறைமுகத்தில் விசாரித்தேன். அன்றைக்குக் கப்பல் ஓடியது. தனியாகவே போனேன்.

தோண்டுகிறவர் நல்ல மனிதர். "நான் கூப்பிடற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா" என்றார். சிலருக்கு உடம்பு மட்க மூன்று வருடம் போதாமல் மறுபடி மண்ணை மூடிவிடுவார்கள் இல்லையா, அந்தப் பயத்திலேயே இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மினாஸ் சுத்தமாக இருந்தான். தேன்மெழுகு நிறத்தில் இருந்தான். பாதிரியார் ஜெபம் சொல்ல, நானே ஒவ்வொன்றாகத் திராட்சை மதுவில் கழுவினேன். இடது முன்னங்கையில் முறிந்து ஒட்டிய இடம் தடிப்பாகத் தெரிந்தது. பத்து வயதில் அத்திமரத்திலிருந்து விழுந்தானே, நீ முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாயே, அந்தக் கை. அவன் அழக்கூடாது என்று நீ வழியெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கொண்டே ஓடினதாக அவன் எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறான். அந்த எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்துவிட்டேன். எனக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று தோண்டுகிறவர் பார்த்தார்.

தகரப் பெட்டிதான். வெளியே ஒரு வெள்ளைத் துணி சுற்றினேன். இருபதாம் தேதி காலை அவனை எடுத்துக்கொண்டு பிரேயஸ் துறைமுகம் போனால், காற்றின் பலம் எட்டாம் அளவைத் தாண்டிவிட்டது, எந்தக் கப்பலும் கிளம்பாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை நிஜமாகவே கப்பல் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் வீடு திரும்பினேன். அவன் அறையைத் திறந்து, சன்னலைத் திறந்து, கட்டிலில் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தான். உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவித்த கீரையும் பருப்புமாகச் சமைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். காற்று இன்னும் ஒரு நாள் நிற்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படியும் ஒரு தாய் வேண்டுவாளா என்று நினைக்காதே.

இருபத்திரண்டாம் தேதி கிளம்பினோம். கப்பலில் கூட்டம். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் அவனை வைத்தேன். சிஃப்னோஸ் தீவுக்குப் போகிற ஒரு பெண், என் வயதிருக்கும், இரண்டு கையிலும் பைகளோடு வந்து நின்றாள்.

"பெட்டிய கொஞ்சம் கீழ வச்சா நான் உக்காந்துக்குவேன்."

"கீழ வைக்க முடியாதுங்க. என் மகன்."

அவள் பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பைகளின் மேலேயே, எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். பேர் கேட்டாள். மினாஸ் என்றேன். வயது கேட்டாள். இருபத்திரண்டு. எப்படி என்று கேட்கவில்லை, அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. வேறு பிள்ளைகள் உண்டா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறான், ஜெர்மனியில் இருக்கிறான் என்றேன். "அவன் எப்படி இருக்கான்?" என்றாள். மூன்று வருடத்தில் ஒருத்தரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை, ஆர்கிரிஸ். செத்துப்போனவனைப் பற்றியே கேட்பார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. என்ன சாப்பிட்டாய் என்று தெரியும், அவ்வளவுதான்.

சிஃப்னோஸ் வந்ததும் அவள் எழுந்து, துணியின்மேல் கையை வைத்து, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல, "பத்திரமா போய் எறங்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிமோலோஸில் உன் அப்பா துறையில் நின்றுகொண்டிருந்தார். என் தங்கை கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. தோள்பட்டை தொங்குகிறது, அவ்வளவு இளைத்துப்போயிருக்கிறார். காப்பிக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். என்னிடமிருந்து பெட்டியை வாங்கினார். கை சட்டென்று மேலே போய்விட்டது. கனமாக இருக்கும் என்று நினைத்து வாங்கியிருக்கிறார்.

"இவ்வளவுதானா, எவாந்தியா?" என்றார்.

ஆமாம், இவ்வளவுதான் என்றேன். அவர் நகரவில்லை. எனக்குப் பின்னால் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை இறங்கியது, ஒரு லாரி இறங்கியது, சங்கிலி இழுத்துக் கதவைத் தூக்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் கேட்டார்.

"பெரியவன் வரலியா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "யாரு கூப்பிட்டா அவன? நீங்க கூப்பிட்டீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் முன்னால் நடந்தார். மேட்டுப்பாதை முழுவதும் பெட்டியை இன்னொரு கைக்குக்கூட மாற்றவில்லை.

மறுநாள் காலை உன் தாத்தா பாட்டி இருக்கிற எலும்பறையில், அவர்களுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அவன் நினைவுக்காகச் சர்க்கரையும் மாதுளையும் கலந்த கோதுமை பக்கத்து வீட்டு மாருலியா செய்து கொடுத்தாள். வெயில் நன்றாக இருந்தது. அங்கிருந்து கடல் தெரிகிறது. ஏதென்ஸில் இனி எனக்குச் சனிக்கிழமைகளில் போவதற்கு இடமில்லை.

அடுத்த கப்பலில் திரும்பிவிடுவதாகத்தான் இருந்தேன். நேற்று மதியம் உன் அப்பா தொட்டியடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"அன்னிக்கு நான் மூணு தடவ போன் பண்ணேன்."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. மினாஸின் பெயர்நாள், அவன் பேருள்ள புனிதரின் திருநாள். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பேராமா கப்பல் பட்டறையில் அரை நாள் வேலை முடித்தவனை நீ உன் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாய். நான் அடுப்படியில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு தடவை யாரும் எடுக்கவில்லையாம். மூன்றாவது தடவை பின்னால் உட்கார்ந்திருந்த மினாஸ் எடுத்திருக்கிறான். எல்லாரும் காத்திருக்கிறார்கள், கறி ஆறுகிறது, எங்கே ஊர் சுற்றுகிறீர்கள் என்று இவர் கத்தியிருக்கிறார். வந்துவிட்டோம் அப்பா என்றானாம். பிறகு போனை வைக்காமலே உன்னிடம், "முறுக்குடா, கெழவன் கத்துறான்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்போடு வைத்துவிட்டானாம். அதன்பிறகு ஐந்து நிமிடம்கூட இருக்காது என்றார்.

அப்போதுதான் திரும்பினார். கத்தி கையிலேயே இருந்தது.

"பெரியவனுக்குத் தெரியும், எவாந்தியா. ஆஸ்பத்திரியில அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேனே, ஓட்டினவன் நீ, நீ நிக்கிற, அவன் கெடக்கறான்னு. அவன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நீதான்பா அவசரப்படுத்தினேன்னு. சொல்லல. என்ன ஒரு தடவ பாத்தான், தலைய குனிஞ்சுக்கிட்டான்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். துறைவரை நடந்தேன். மூன்று வருடமாக இதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இங்கே மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார், என் பிள்ளை அங்கே பூமிக்கடியில் லிஃப்ட் குழிகளில் இறங்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது, அவர் எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். போலீஸ் கேட்டபோதும் நீ இவ்வளவுதான் சொன்னாய்: வேகமாகப் போனேன், என் தப்பு. நான் பக்கத்தில் இருந்தேன், கேட்டேன். அப்பாவைக் காப்பாற்றுகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மீனைப் பூனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவரைப் பார்த்ததும் அந்தக் கோபம் போய்விட்டது. ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் எழுதிக்கொண்டே தள்ளிப்போட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் அப்பா அப்படிச் சொன்னபோது நான் உன் பக்கத்தில் இரண்டடி தூரத்தில் நின்றேன். உன் நெற்றியில் தையல் போட்டு இன்னும் ரத்தம் காயவில்லை. என்ன பேச்சு இது என்று நான் அவரை அதட்டியிருக்க வேண்டும், உன் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு கணம் எனக்கும் அப்படியே தோன்றியது, மகனே. ஒரு கணம்தான். நீ என் முகத்தைப் பார்த்தாய், அது உனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொன்னதற்காக நீ ஊரைவிட்டுப் போகவில்லை. நான் சொல்லாததற்காகப் போனாய் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது உன் அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். நீங்களே எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மன்னிக்கச் சொல்லி எழுதாத. வரச் சொல்லி மட்டும் எழுது" என்றார். இப்போது வெளியே போய்ப் படகுக்குப் பக்கத்தில் வேலை ஒன்றும் இல்லாமல் நிற்கிறார். நான் எழுதி முடித்துவிட்டேனா என்று இரண்டு தடவை சன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நான் இரண்டையும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு. வா.

கிறிஸ்துமஸுக்கு என்றால் கிறிஸ்துமஸுக்கு, அதற்குப் பிறகு என்றாலும் சரி. நான் அதுவரை இங்கேதான் இருப்பேன். காற்றடித்தால் பிரேயஸில் இரண்டு நாள் தங்கிவிட்டு வா. எந்தக் கப்பல், எத்தனை மணி என்று எங்களுக்குச் சொல்லக்கூட வேண்டாம். ஒருவரும் உன்னைப் போனில் கூப்பிட்டு எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்கமாட்டோம். சாப்பாடு ஆறினால் ஆறட்டும். நீ மெதுவாக வந்து சேர், என் கண்ணே. கடவுள் உன் வழியெல்லாம் உன்னோடு இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
எவாந்தியா