நீங்கள் தொட்டு வைக்காத சர்க்கரைத் தண்ணீர்

என் அருமை அண்ணனுக்கு,

போன வியாழக்கிழமை என் மகள் யாழினிக்கு ஆறு மாதம் முடிந்தது. அண்ணி லாபிஸிலிருந்து பஸ் ஏறி கூலாய்க்கு வந்து, கேரட் போட்டுக் கஞ்சி காய்ச்சினார். பிள்ளை முதல் கரண்டியைத் துப்பியது, இரண்டாவதை விழுங்கியது. இந்தச் சேதியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது.

நம் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தது நீங்கள்தான். தொட்டு வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கோபம் வந்தால் சத்தம் போடாமல் வெளியே போய் லோரியைக் கழுவுகிற உங்கள் குணம் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

யாழினி பிறந்ததும் வேலைச் சட்டையோடு சிகாமட் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். சட்டைப்பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்தீர்கள்.

"வேணாம்ண்ணே. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணி கூட குடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் மிஸ்ஸி சொல்லிட்டாங்க" என்றேன், பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி.

"ஒரு சொட்டுதானே பாப்பா."

"ஒரு சொட்டுன்னாலும் அது வேற பொருள்தானே."

கையுறைத் தொழிற்சாலையில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. பேச்சும் அப்படியே ஆகிவிட்டது என்பீர்கள். அன்று அதைக் கூடச் சொல்லவில்லை. "பரவால்ல லா. மிஸ்ஸி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மிஸ்ஸி சொன்னது சரிதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு என் பக்கம் நின்றவர் நீங்கள் ஒருவர்தான். பிள்ளை அழுதால் பால் பத்தவில்லை என்றார்கள், விக்கினால் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் கூட, "ரெண்டும் குடுத்தா என்ன?" என்று போனில் கேட்டார். நான் வேலைக்குத் திரும்பியபோது, எடுத்த பாலை வைத்துக் கொண்டுவர, மீன் பிடிக்கக் கொண்டு போகும் உங்கள் ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவி அனுப்பி வைத்தீர்கள். முதல் வாரம் முழுக்க மீன் வாடை அடித்தது.

தொழிற்சாலையில் பால் எடுக்கத் தனி இடம் கிடையாது. அட்டைப்பெட்டி அடுக்கிய ஸ்டோரில், கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து எடுத்தேன். திரும்பி வரும்போது சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். விட்டுவிடலாம் என்று மூன்று முறை முடிவு செய்தேன். மத்தியானம் உங்கள் போன் வரும்.

"இன்னிக்கி எத்தன போத்தல்?"

"ரெண்டுண்ணே."

"நேத்தும் ரெண்டு. கொறையல பாரு."

அவ்வளவுதான் பேசுவீர்கள். நான் மறுநாளும் ஸ்டோருக்குப் போவேன்.

நாலாவது மாதம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். காஹாங்கில் லோரியில் செம்பனைக் குலை ஏற்றக் கிளம்பியவர், செருப்பை மாட்டியபடியே சாய்ந்துவிட்டீர்களாம். அதற்கு முன்பு நெஞ்சு வலித்ததா? யாரிடமாவது சொன்னீர்களா? எங்களிடம் சொல்லவில்லை. அதில் எனக்கு உங்கள் மேல் கோபம் உண்டு.

லாபிஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பால் நின்றிருந்தது. அழுகையா, பட்டினியா, தெரியாது. பிள்ளை வீறிட்டு அழுதது. அழுத உடம்போடு பால் கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று வந்திருந்த பெண்கள் தடுத்தார்கள். நான் அதை நம்பவில்லை, மறுத்துப் பேசத்தான் தெம்பில்லை. யாரோ கடையிலிருந்து பால் டின் வாங்கி வந்து வைத்தார்கள். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி என்னைப் பார்த்து, "குடு மாலா. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார்.

உங்கள் அடுப்பங்கரையில், டின்னில் எழுதியிருந்தபடி அளந்து, நானே கலக்கினேன். பிள்ளை ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று நாள் டின் பால்தான் கொடுத்தேன்.

நீங்கள் ஒரு சொட்டுதானே கேட்டீர்கள், அண்ணே? உங்களுக்கு மறுத்ததை உங்கள் சாவு வீட்டிலேயே ஒரு டின்னுக்கு விட்டுக்கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. டின் பால் கொடுத்ததற்காக இல்லை, பசித்த பிள்ளைக்கு அன்று அது வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பிள்ளையை மடியில் கொடுத்திருக்கலாம். உங்களை நிற்க வைத்தே அனுப்பிவிட்டேன்.

பிறகு பால் திரும்பி வந்தது. பிள்ளையை அடிக்கடி மாரில் போடச் சொன்னார் கிளினிக் மிஸ்ஸி. மூன்று நாளில் சுரக்கத் தொடங்கியது, பழைய அளவுக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடித்தது. போன வாரம் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் எழுதுவதற்காக, "ஆறு மாசமும் தாய்ப்பால் மட்டும்தானா?" என்று கேட்டார். நடுவில் மூன்று நாள் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

யாழினி சாதுவான பிள்ளை. கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்கள், "யாரு தொட்டு வச்சது?" என்று கேட்கிறார்கள். யாரும் இல்லை என்றுதான் சொல்லி வந்தேன். வியாழக்கிழமை பக்கத்து வீட்டம்மா கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற அண்ணி திரும்பி உள்ளே போய்விட்டார்.

இனி யார் கேட்டாலும் உங்கள் பெயரைச் சொல்வேன், அண்ணி காதில் விழும்படி. யாழினி வளர்ந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். புத்தகத்தில் எழுத வேண்டிய உண்மையை மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டேன். இந்த ஒரு பொய் உங்களுக்கு.

உங்கள் தங்கை,
யாழினியின் அம்மா,
மாலா